பன்னிரண்டு-பி

பன்னிரண்டு-பி என்று ஒரு வீடு கிடையாது. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைக் கட்டியவளே நான்தான். செங்கல்லும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம். ஒரு சாயங்காலம், பால்பாயின்ட் பேனாவால், பதினொரு வரியில் கட்டி முடித்தேன். அந்தச் சந்தில் பன்னிரண்டு-ஏ இருந்தது, அடுத்தது பதிமூன்று. நடுவில் மாடிப்படி மட்டும்தான். அதனால்தான் அந்த நம்பரைப் பிடித்தேன். யார் தேடிப் போனாலும் தட்டிப் பார்க்க அங்கே கதவு இருக்காது.

என் தொழில் தேர்தலில் ஆளை ஜெயிக்க வைப்பது. கொடி கட்டுவதும் கோஷம் போடுவதும் வேறு ஆட்கள். வேட்பாளர் எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் போக வேண்டும், யார் கையைப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும், இதெல்லாம் என் வேலை. பத்தொன்பது வருஷம், ஒன்பது தேர்தல், ஏழு வெற்றி. தோற்ற இரண்டு பேரும் என் பேச்சைக் கேட்காத ஜென்மங்கள். எந்தக் கட்சி என்று என்னைக் கேட்காதீர்கள், எல்லாக் கட்சியும்தான்.

முதல் தேர்தலில் எங்கள் ஆள் படுதோல்வி என்று ஊரே எழுதிவைத்திருந்தது. அப்போதுதான் பன்னிரண்டு-பியைக் கட்டினேன். ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டேன். சுவரில் நாலு பத்துக்கு நின்றுபோன ஒரு கடிகாரம் மாட்டினேன். உள்ளே ஒரு தாயையும், காய்ச்சலில் கொதிக்கும் நாற்பத்தொரு நாள் குழந்தையையும் வைத்தேன். சந்து குறுகல், ஆம்புலன்ஸ் நுழைய முடியவில்லை, தாயின் கையிலேயே குழந்தை போய்விட்டது. குழந்தைக்கு ஒரு பெயரும் வைத்தேன், கூட்டம் சேர்ந்து சொல்ல வசதியாக இரண்டே எழுத்தில். வேட்பாளர் மேடையில் அதைச் சொல்லி அழுதார். முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். டி.வி.யில் மூன்று நாள் அதே அழுகை ஓடியது. நாங்கள் ஜெயித்தோம். சந்து மட்டும் அன்றைக்கு இருந்த அகலத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறது.

அந்த வெற்றியில்தான் நான் பெரிய ஆளானேன். அன்றிலிருந்து நான் நடத்தும் எந்தத் தேர்தல் அறையிலும் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, மேஜையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும். அது பன்னிரண்டு-பியின் நாற்காலி. யார் என்ன எழுதிக்கொண்டு வந்தாலும் அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ‘இதைச் சொன்னா அவ கதவு திறப்பாளா?’ என்று கேட்பேன். திறக்கமாட்டாள் என்றால் தாள் குப்பைக்கு. இரண்டாவது விதி, உள்ளே வருகிறவர்கள் போனை வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் கூடையில் குப்புறப் போட்டுவிட வேண்டும். தலை போகிற காரியமாக இருந்தாலும் கூட்டம் முடிகிற வரை யாரும் எடுக்கக்கூடாது. வேட்பாளரானாலும் சரி, நானானாலும் சரி.

பத்தொன்பது வருஷமாக அந்தச் சந்து இருக்கும் தொகுதிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இந்தத் தடவைதான் ஒப்புக்கொண்டேன். இவ்வளவு காலம் ஆகிவிட்டதே என்ற அசட்டு தைரியம். வேட்பாளர் நாற்பது வயதுக்காரர். எந்நேரமும் சட்டை மடிப்புக் கலையாமல், தலை வாரி, சென்ட் மணக்க நிற்பார். அவருக்கு அலுவலகத்தில் நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. அவர் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவேன், பாவம், சிரித்துக்கொள்வார்.

வீடு வீடாகப் போகும் ஆட்களுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடப்பார், அதனால் அவர் பெயர் நடை. அவர் ஆட்கள் கொண்டுவரும் தாள்களைக் கணினியில் ஏற்றுவது டீச்சர், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். தாளில் வீட்டுக்கு ஒரு வரி. நமக்குப் போடுகிறவர் என்றால் ஒன்று, போடமாட்டார் என்றால் மூன்று, இன்னும் தீர்மானிக்கவில்லை என்றால் இரண்டு. கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். ஒன்றும் மூன்றும் எனக்கு வேண்டாம். என் பிழைப்பே இரண்டில்தான் ஓடுகிறது.

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது டீச்சர் ஒரு தாளோடு வந்து நின்றார்.

“என்னம்மா, உன் நாற்காலிக்காரி தாள்ல வந்திருக்கா.”

வாங்கிப் பார்த்தேன். வீட்டு எண்: 12-பி. ஓட்டு: 2. குறிப்பு: குழந்தை தூங்குது, மெதுவா பேசுங்கன்னு சொன்னாங்க.

யாரோ என் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று நினைத்தேன். நடையைக் கூப்பிட்டு அரைமணி நேரம் வாங்கு வாங்கு என்று வாங்கினேன்.

“உங்க ஆளுங்க டீக்கடையில உக்காந்து தாளை ரொப்பறாங்களா? அந்தத் தெருவில அப்படி ஒரு வீடே இல்லை.”

“இருக்கு மேடம். மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்னக் கதவு. நம்பரைச் சுண்ணாம்பால எழுதியிருக்கு. நானே பார்த்தேன்.”

“யாரு இருக்கா உள்ள?”

“ஒரு அம்மா. உங்களை விட நாலஞ்சு வயசு கம்மியா இருக்கும். ஜன்னல்ல பச்சைத் திரை போட்டிருக்காங்க. சுவர்ல ஒரு கடிகாரம், அது ஓடலை. டைம் சரியில்லையேம்மான்னு சொன்னேன். அது சரியாத்தான் இருக்குன்னாங்க.”

பழைய பேச்சைக் கேட்ட எவளோ கிறுக்கு பிடித்து அலைகிறாள், விட்டுத்தள்ளுங்கள் என்றேன். பேச்சைக் கேட்டவர்கள் லட்சம் பேர். பச்சைத் திரையும் கடிகாரமும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று மத்தியானம் இதையே எனக்கு நானே நாலு தடவை சொல்லிக்கொண்டேன்.

ஐந்து நாள் கழித்து அதே சந்துக்கு வேறு இரண்டு பெண்கள் போனார்கள். முதலில் போனவர்களுக்கும் இவர்களுக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது. டீச்சர் தாளை என் முன்னால் வைத்தார். 12-பி. ஓட்டு: 2. குறிப்பு: வண்டி கிளம்பியாச்சான்னு கேட்டாங்க.

கிட்டத்தில் இருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் அது எந்த நாற்காலி என்று பார்த்தேன். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்தார். எழுந்திரு என்று அவரும் சொல்லவில்லை.

அந்த வாக்கியம் பேச்சில் கிடையாது. எந்தப் பேச்சிலும் கிடையாது. அது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி நான். இன்னொருத்தி என் தங்கை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தை என் தங்கையின் குழந்தை. அவள் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் என்ன, லாரியே திரும்பும், அவ்வளவு அகலமான தெரு. அவள் கணவன் வெளியூர் வேலையில் இருந்தான். “எதுன்னாலும் போன் பண்ணுடி, பத்து நிமிஷத்துல வண்டி அனுப்பறேன்” என்று நான்தான் வாய் கிழியச் சொல்லியிருந்தேன். நாலு பத்துக்கு முதல் போன் வந்தது. நான் கூட்டத்தில் இருந்தேன். போனைக் குப்புறத் திருப்பி வைத்தேன். அது மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, மேலே ஒரு ஃபைலை எடுத்து வைத்தேன். கூட்டம் முடிந்து பார்த்தால் பதினோரு அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டேன். அவள் அழவில்லை, கோபப்படவில்லை. “அக்கா, வண்டி கிளம்பியாச்சா?” என்று மட்டும் கேட்டாள். “கிளம்பிடுச்சு” என்றேன். வண்டி அப்போது போஸ்டர் ஏற்றப் போயிருந்தது. அது வந்து, இறக்கி, கிளம்ப இன்னும் நாற்பது நிமிஷம் ஆனது. நான் சொன்னதை நம்பி அவள் வேறு யாரையும் கூப்பிடாமல் வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

குழந்தை போன பதினேழாவது நாள் நான் அதைப் பேச்சாக எழுதினேன். என் போன் இருந்த இடத்தில் ஒரு குறுகிய சந்தை வைத்தேன். அவள் டி.வி.யில் பார்த்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மறுவாரம் வீடு காலி. எங்கே போனாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அம்மா இறந்தபோது எனக்கு முன்பே வந்து, நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டாள். நான் தேடவில்லை. தேடிக் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

இப்போது அந்தச் சந்து அலுவலகத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். போய்ப் பார்த்திருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் ஏதோ வேலை ஞாபகம் வந்து திரும்பினேன். ஊரில் ஒவ்வொரு கதவையும் தட்ட ஆள் அனுப்புகிறவள், ஒரு கதவைத் தட்டத் துப்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் இருந்தால் அது ஒரு பயம். அவள் இல்லாமல் நான் எழுதியவளே இருந்தால் அது இன்னொரு பயம்.

விஷயம் நடையிடமிருந்து மாப்பிள்ளைக்குப் போய்விட்டது. அவர் முகம் கல்யாண மண்டபம் போல ஜொலித்தது.

“மேடம், அந்தத் தாய் உயிரோட இருக்காங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. கடைசிப் பொதுக்கூட்டத்துல மேடை ஏத்துங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும், பேசவே வேண்டாம்.”

“அவங்களுக்கு உடம்பு சரியில்லை.”

“அஞ்சு நிமிஷம்தான். நீங்க அனுப்பலைன்னா நானே நேர்ல போய்க் கூட்டிட்டு வரேன். கேமராவோட.”

கேமராவோடு அவர் அந்தக் கதவைத் தட்டுவதை நினைத்துப் பார்த்தேன். வண்டி அனுப்புவதாக ஒப்புக்கொண்டேன். என் புத்தி அப்போதும் எப்படி ஓடியது என்று கேளுங்கள். வந்தவள் யாராக இருந்தாலும், மேடைக்குப் பின்னால் வைத்து நான் முதலில் பார்த்துவிடுவேன், சமாளித்துவிடுவேன் என்று கணக்குப் போட்டேன்.

பிரசாரத்தின் கடைசி நாள். பொதுக்கூட்டம் ஐந்து மணிக்கு. மூன்றே முக்காலுக்கு டிரைவரை அனுப்பினேன். “சந்துக்குள்ள வண்டி போகாது, முனையில நிறுத்திட்டு நடந்து போய்க் கூட்டிட்டு வா. நேரா மேடைக்குப் பின்னால கொண்டுவந்து விடு” என்று சொன்னேன். பிறகு போனைக் கூடையில் குப்புறப் போட்டுவிட்டு, கடைசி ஆலோசனைக்கு உள்ளே போனேன். மாப்பிள்ளை, நடை, டீச்சர், நான். தலைமாட்டில் காலி நாற்காலி. மாப்பிள்ளை பேச்சை அதைப் பார்த்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் பெயர் வரும் இடத்தில் குரலை இறக்கிப் பார்த்தார், சரியாக வரவில்லை என்று மறுபடியும் இறக்கினார்.

கூடையில் ஒரு போன் அடித்தது. என்னுடையது. நான் மணியைப் பார்த்தேன், நாலு பத்து.

நான் அசையவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கூடையின் பிளாஸ்டிக்கில் அது அதிரும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை எரிச்சலோடு நிறுத்தினார்.

“யாரோ உங்களைத்தான் கூப்பிடறாங்க. எடுக்கப் போறீங்களா? உங்க ரூல்தானே மேடம்.”

ஐந்து. ஆறு. டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது தடவை அடித்தபோது எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கூடையில் கைவிட்டு எடுத்தேன்.

டிரைவர்தான். “மேடம், அம்மா ஏறிட்டாங்க. ஆனா கையில குழந்தை இருக்கு.”

“என்ன குழந்தை?”

“போர்வையில சுத்தி மடியில வெச்சிருக்காங்க. முகம் தெரியலை. காய்ச்சல் அதிகமாயிடுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்றாங்க. நீங்க மேடைக்குத்தான் வரச் சொன்னீங்க. நான் என்ன பண்ணட்டும்? எங்க போகணும்?”

மாப்பிள்ளை கையை ஆட்டி ‘வரச் சொல்லுங்க’ என்று ஜாடை காட்டினார். போனில் டிரைவரின் மூச்சுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல ஏதோ பாடிக்கொண்டிருந்தது. ராகம் எனக்குத் தெரிந்த ராகம். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு நான்தான் அவளுக்கு அதைப் பாடுவேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போ” என்றேன். “எங்கயும் நிறுத்தாதே. நானும் வரேன்.”

“மேடம், அங்க முப்பதாயிரம் பேர் உக்காந்திருக்காங்க” என்றார் மாப்பிள்ளை. “இப்ப நீங்க போனா இந்தத் தொழில்ல நீங்க இருக்கவே முடியாது. நான் பார்த்துக்கறேன்.”

“பார்த்துக்குங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் இறங்கும்போது உள்ளே டீச்சர் அவருக்கு ஏதோ பதில் சொல்வது கேட்டது. முப்பது வருஷக் குரல் அது, மாப்பிள்ளை அதற்கு மேல் பேசவில்லை.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வண்டி அவசரப் பிரிவு வாசலில் நின்றிருந்தது. டிரைவர் வெளியே நின்று வெயிலில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே சின்னவள் உட்கார்ந்திருந்தாள். என் தங்கை. தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மடியில் வெளுத்த நீலப் போர்வையில் சுற்றிய ஒன்று. அந்தப் போர்வையை வாங்கிக்கொடுத்தது நான். முகம் இருக்க வேண்டிய இடத்திலும் மூடியிருந்தது.

“வந்துட்டியா” என்றாள். நேற்றுப் பார்த்தது போல.

“ஏண்டி அங்க போன?” என்றேன். “அங்க வீடே இல்லையேடி. அந்த மாடிப்படிக்குக் கீழ எத்தனை வருஷமா இருந்த?”

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். “நீதானேக்கா சொன்ன, நான் அங்கதான் இருக்கேன்னு. எல்லார்கிட்டயும் சொன்ன. அப்ப வண்டி அங்கதானே வரும்? அதான் போயிட்டேன்.”

நான் அழுதேன். வாசலில் நின்ற காவலாளி, நோயாளிகள், டிரைவர், எல்லோரும் பார்க்க அழுதேன். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. அவள்தான் என் தோளைத் தொட்டாள்.

“அழுதுக்கிட்டு நிக்காதே. பிடி. ரொம்பக் கொதிக்குது.”

போர்வையை என் கையில் கொடுத்தாள். உள்ளே துணிச்சுருள்தான் இருக்கும், எங்கள் பழைய நோட்டீஸ் கட்டாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே வாங்கினேன். கனம் சரியாக நாற்பத்தொரு நாள் குழந்தையின் கனம். சூடு போர்வையைத் தாண்டி என் உள்ளங்கையைச் சுட்டது. வண்டியில் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்க நிழல்.

பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே அணைத்துக்கொண்டு உள்ளே போனோம். பதிவு மேஜையில் கண்ணாடி போட்ட ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

“பேஷன்ட் பேரு?”

சின்னவள் சொன்னாள். மேடைக்காக நான் வைத்த அந்த இரண்டெழுத்துப் பெயரை.

அவர் எழுதினார். “என்ன பிரச்சினை? எப்பலேர்ந்து?”

அவள் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் கிடையாது. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“நீ சொல்லுக்கா. நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க.”

ஏழு பேரை ஜெயிக்க வைத்த வாய் எனக்கு. அன்று அது நாலு வார்த்தைக்குத் திண்டாடியது.

“காய்ச்சல்” என்றேன். “நாலு மணிலேர்ந்து. இவ பதினோரு தடவை போன் பண்ணினா, நான் எடுக்கலை. வண்டி கிளம்பிடுச்சுன்னு பொய் சொன்னேன். தெரு குறுகல் இல்லை, சார். தெரு நல்லா அகலமாத்தான் இருந்துச்சு. நான்தான் வரலை.”

பதிவுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, காய்ச்சல் என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். சின்னவள் பெரிதாக மூச்சுவிட்டு, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அவள் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. “உள்ள கொண்டு வாங்க” என்று நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். நான் போர்வையை இன்னும் இறுக்கி நெஞ்சோடு சேர்த்தேன். அதன் சூடு அப்போதுதான், காய்ச்சல் இறங்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது.